உள்ளுக்கு ஏதும் ஈக்கா?

பஞ்சிகாவத்தையில் எந்த இயந்திரத்தைக் கொண்டுபோய் இறக்கினாலும் முதலில் வரும் கேள்வி "என்ன செய்யுது?" என்பதுதான். டாக்டர்மாரும் நோயாளியிடம் இதைத்தான் கேட்கிறார்கள். ஸ்டார்ட் ஆகுதில்லை, சூடேறுது, சத்தம் போடுது என்று ஏதாவது சொல்வோம். சொன்னதைப் பிடித்துக்கொண்டு வேலை தொடங்கும். பஞ்சிகாவத்தை இருக்கும் கொழும்பு மருதானைக்குப் பழுதுபார்ப்பு பழக்கமான தொழில். புகையிரதப் பட்டறைகள் இரத்மலானைக்குப் பெயரும்வரை இங்கேதான் இருந்தன. 1893இல் தொடங்கிய அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை ஒரு சந்திக்கே 'டெக்னிக்கல்' என்று பெயர் கொடுத்துவிட்டது. கழற்றி எடுத்த வாகன உதிரிப்பாகம் தேடி நாட்டின் நாலா பக்கத்தில் இருந்தும் ஆட்கள் வந்து சேரும் இடம் பஞ்சிகாவத்தை. எதையும் எறிவதற்கு முன் இன்னொரு தடவை கழற்றிப் பார்ப்போமே என்ற குணம் இந்தப் பக்கத்துக் காற்றில் இருக்கிறது.

துவக்குக்கு மட்டும் அந்தக் கேள்வி இரண்டாவதாகிவிடும். இதை எனக்குச் சொன்னவர் இந்தப் பக்கத்தில் லேத் வைத்திருந்த ஒரு பெரியவர். அனுமதிப்பத்திரம் பெற்ற துவக்கு வியாபாரி ஒருவரின் பட்டறையில் இளவயதில் வேலை பழகியவர். வேட்டைக்காரரும் தோட்டத்துரைமாரும் கொண்டுவந்த போல்ட் றைபிள்கள் அவருடைய கையால் கழன்று பூட்டப்பட்டவை. காலம் மாறி அந்தத் தொழில் படுத்தபின் தண்ணீர்ப் பம்புக்கும் தையல் மெஷினுக்கும் வந்துவிட்டார். நான் அவரை நானா என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

"துவக்கு வந்தா முதல்ல என்ன கேப்பீங்க நானா?"

"உள்ளுக்கு ஏதும் ஈக்கா எண்டு கேப்பேன் தம்பி. கேட்டுட்டு, அவர் செல்ற பதில நம்ப மாட்டேன்."

இந்த இரண்டு வாக்கியங்களை நான் வெகுகாலம் மனதில் போட்டு உருட்டிக்கொண்டிருக்கிறேன். ஆயுதங்களைப் பற்றி இந்த நாட்டில் நான் படித்த கனமான புத்தகங்கள் பலவற்றைவிட இவை எனக்கு அதிகம் சொல்லியிருக்கின்றன.

*

ஏன் நம்பமாட்டார் என்பதை லேத் மேசையில் கிடந்த பித்தளைப் பைப் துண்டொன்றையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் வைத்து விளக்கினார். போல்ட் என்பது வீட்டுக் கதவின் தாழ்ப்பாள் மாதிரியான சங்கதி. கைப்பிடியைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் குழலின் பின்வாய் திறக்கும். முன்னால் தள்ளிக் கீழே மடக்கினால் பூட்டிக்கொள்ளும். போல்ட்டின் முகத்தில் ஒரு சிறிய கொக்கி உண்டு. தோட்டாவின் அடி விளிம்பைக் கவ்விப் பிடித்து, போல்ட் பின்னால் வரும்போது அதையும் இழுத்துக்கொண்டு வருவது அதன் வேலை.

கொக்கியின் பல் தேய்ந்துவிட்டால், அல்லது அதை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால், போல்ட் தனியே திரும்பி வரும். தோட்டா அறைக்குள்ளேயே இருந்துவிடும். இழுத்தவன் போல்ட்டின் முகத்தைப் பார்க்கிறான், அதில் ஒன்றும் இல்லை. துவக்கு வெறுமை என்று அவன் சொல்வது பொய்யில்லை, கண்டதைச் சொல்கிறான். பழுதைக் கண்டுபிடிக்கச் செய்யும் சோதனையையே பழுது ஏமாற்றிவிடுகிறது.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. மெகசினைக் கழற்றாமல் போல்ட்டை மட்டும் இழுத்து, அறையில் இருந்த தோட்டாவை வெளியே தட்டிவிட்டு, திருப்தியோடு போல்ட்டை முன்னால் தள்ளுகிறவர்கள் உண்டு. தள்ளும் அந்த ஒரு தள்ளில் மெகசினில் காத்திருக்கும் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிவிடும். வெறுமையாக்கும் கைவேலையே நிரப்பும் கைவேலையும் ஆகிவிடும். அதனால் முறை இது: வாயை ஆளில்லாத பக்கம் திருப்பு, விரலை விசையில் இருந்து எடு, மெகசினைக் கழற்று, போல்ட்டை இழு, வெளிச்சத்தில் பார், பிறகு சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தடவு.

"பாத்த பொறகு விரல் ஏன் நானா?"

"கண் பழகினதத்தான் காணும் தம்பி. விரலுக்கு அந்தப் பழக்கம் இல்ல."

*

அறை வெறுமை என்று விரல் சொன்ன பிறகுதான் "என்ன செய்யுது?" வரும். போல்ட் துவக்குக்கு வேலை நான்குதான்: தோட்டாவை மெகசினில் இருந்து எடுத்து அறைக்குள் தள்ளுவது, பூட்டுவது, சுடுவது, வெற்றுக் கோதை இழுத்து வெளியே எறிவது. கோளாறு எந்த இடத்தில் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. தானியங்கித் துவக்குகளில் இந்த நான்கும் கண்மூடித் திறப்பதற்குள் நடந்துவிடும். போல்ட் துவக்கில் ஒவ்வொன்றையும் மனிதக் கை செய்கிறது. ஆகவே எங்கே இடறுகிறது என்று கைக்கே தெரியும்.

இலங்கையில் பொலிசாரும் படையினரும் நெடுங்காலம் தோளில் சுமந்த த்ரீ-நொட்-த்ரீயை எடுத்துக்கொள்ளுங்கள். லீ என்ஃபீல்ட் என்று நூல்கள் சொல்லும். மெகசின் பத்துத் தோட்டா கொள்ளும். அந்தத் தோட்டாவின் அடியில் வெளியே துருத்திக்கொண்டிருக்கும் ஒரு விளிம்பு இருக்கிறது. அடுக்கும்போது மேலே உள்ளதன் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்கவேண்டும். மாறி அடுக்கிவிட்டால் இரண்டும் கொளுவிக்கொள்ளும், போல்ட் எவ்வளவு தள்ளினாலும் போகாது. மெகசினைக் குறை சொல்லிக்கொண்டு வருபவரிடம் நானா முதலில் கேட்பது, அடுக்கியது யார் என்று.

பூட்டுவதில் உள்ள பழுதுகள் இன்னும் நுணுக்கமானவை. பூட்டிய போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் விளிம்பு உட்காரும் இடத்துக்கும் இடையில் விடப்படும் வெளி த்ரீ-நொட்-த்ரீயில் ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 64 தொடக்கம் 74 பங்கு. குறைந்தால் போல்ட் பூட்டாது. கூடினால் பூட்டும், சுடும், ஆனால் சுடும்போது கோது இழுபட்டுக் கிழிந்து, முகத்துக்கு நேரே காற்று அடிக்கலாம். இந்த வெளியைச் சரிசெய்யவே நான்காம் மாதிரி றைபிளுக்கு 0, 1, 2, 3 என்று இலக்கமிட்ட போல்ட் தலைகள் செய்தார்கள், ஒன்றைவிட மற்றது மயிரிழை நீளமாக. போல்ட்டிலும் துவக்கின் உடலிலும் ஒரே தொடரிலக்கம் பொறித்ததும் இதற்காகவே. ஒரு துவக்கின் போல்ட்டை இன்னொன்றில் போட்டாலும் அது போகும், வரும், பூட்டும். பார்வைக்கு ஒரு குறையும் இராது. இலக்கம் பொருந்துகிறதா என்று பார்ப்பவனுக்கு மட்டுமே ஆபத்து தெரியும்.

மூன்றாவது, விசையை இழுத்தால் 'டிக்' என்ற சத்தம் மட்டும் வருவது. அனுபவமில்லாதவன் செய்யும் முதற்காரியம் உடனே போல்ட்டைத் திறப்பது. மருந்து தாமதமாகவும் பற்றிக்கொள்ளும். வாயைக் குறிப்பக்கமாகவே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது அப்படியே நிற்கவேண்டும். ஒன்றும் செய்யாமல் நிற்பதைப் பழுதுபார்ப்பின் ஒரு படியாகச் சொல்லித்தரும் தொழில் வேறு எது என்று தெரியவில்லை.

பிறகு அந்த வெடிக்காத தோட்டாவை எடுத்து அதன் அடியைப் பார்க்கவேண்டும். நடுவில் இருக்கும் சிறிய கேப்பில் ஊசி குத்திய பள்ளம் இருக்கும். ஆழமாக, நேர் நடுவில் பள்ளம் விழுந்தும் வெடிக்கவில்லை என்றால் குற்றம் தோட்டாவில்: ஈரம் பட்டிருக்கும், பழசாகியிருக்கும். பள்ளம் மேலோட்டமாக இருந்தால் குற்றம் துவக்கில். ஸ்பிரிங் களைத்திருக்கலாம், ஊசியின் நுனி தேய்ந்திருக்கலாம், வருடக்கணக்காக உள்ளே தடவிவிட்ட கிறீஸ் மெழுகாகி ஊசியின் ஓட்டத்தைப் பிடித்திருக்கலாம். கைப்பிடியை முழுக்க மடக்காமல் விசையை இழுத்தாலும் அப்படித்தான் ஆகும். ஊசியின் வேகத்தில் ஒரு பங்கு மீதிக் கதவை மூடுவதில் போய்விடும். கடுகளவு பள்ளத்தில் இவ்வளவும் எழுதியிருக்கும், வாசிக்கத் தெரிந்தால்.

கடைசி, கோது வெளியே வராமல் பிடித்துக்கொள்வது. கொழும்பில் இதற்கு முதற்காரணம் துரு. பழைய த்ரீ-நொட்-த்ரீ தோட்டாக்களின் கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டபின் அது பொட்டாசியம் குளோரைட்டாகக் குழலுக்குள் தங்கும். கறியுப்புக்கு உறவான உப்பு, காற்றின் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். துவக்கைத் துடைத்து எண்ணெய் பூசி வைத்தால் போதும் என்று நினைத்தவர்களின் குழல்கள் உள்ளே அரித்துப்போயின, ஏனென்றால் எண்ணெய் உப்பைக் கரைக்காது. கொதிதண்ணீர் கரைக்கும். பழைய சிப்பாய்கள் புனல் வைத்துக் குழலுக்குள் கொதிதண்ணீர் ஊற்றியது அதனால்தான். துரு பிடிக்கும் பொருளுக்குத் தண்ணீரை மருந்தாக ஊற்ற ஒரு துணிவு வேண்டும், அதற்கு முன்னால் உள்ளே இருப்பது இன்னது என்று தெரிந்திருக்கவும் வேண்டும்.

*

களைத்த ஸ்பிரிங்கைப் பற்றிப் பேசும்போதுதான் நானா நிறத்தைப் பற்றிச் சொன்னார். உருக்கைப் பழுக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் கண்ணாடி மாதிரிக் கடினமாகிவிடும், தட்டினால் உடையும். அதை மினுக்கி, மெதுவாக மறுபடி சூடாக்கினால் மேற்பரப்பில் நிறங்கள் ஓடும். முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு மண்நிறம், பிறகு கத்தரிப்பூ, பிறகு நீலம். வெட்டும் கருவிக்கு மஞ்சளில் நிறுத்தவேண்டும், ஸ்பிரிங்குக்கு நீலம் வரும்வரை பொறுக்கவேண்டும். நீலம் தாண்டிவிட்டால் ஸ்பிரிங் சோம்பிவிடும். இதற்காகக் கடையின் முன் பலகையை அரைவாசி சாத்திவிட்டுத்தான் வேலை செய்வாராம். வெயிலில் நிறம் பொய் சொல்லும்.

அமெரிக்காவில் இதே பொய் பெரிய அளவில் நடந்தது. ஸ்பிறிங்ஃபீல்ட் அரச ஆயுதத் தொழிற்சாலையில் 1903 மாதிரி றைபிளின் உடற்பகுதியைச் சூடாக்கிய கொல்லர்கள் சூட்டைக் கண்ணால் மதிப்பிட்டார்கள். எல்லோரும் கைதேர்ந்தவர்கள். 1917இல் சில துவக்குகள் சுடுபவரின் முகத்தருகே வெடித்துச் சிதறின. வெப்பமானியைப் பூட்டிப் பார்த்தபோது, பிரகாசமான நாட்களில் 'சரியான நிறம்' என்று கொல்லர்கள் கண்ட இடத்தில் உருக்கு பரனைட்டில் 300 பாகைவரை கூடுதலாகச் சூடேறியிருந்தது தெரிந்தது. எட்டு இலட்சம் என்ற தொடரிலக்கத்தை ஒட்டி 1918இல் முறையை மாற்றினார்கள். அதற்கு முந்திய இலக்கம் உள்ள றைபிளைச் சுடலாமா என்று அமெரிக்கத் துவக்கு விரும்பிகள் இன்றும் வாதாடுகிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஒரு குறையும் இல்லாமல் சுட்டுக்கொண்டிருந்தவை. எது அப்படி, எது இப்படி என்று வெளியில் இருந்து பார்த்துச் சொல்ல வழியில்லை.

கனடாவின் கதை வேறு மாதிரி. அந்த நாட்டுப் படை முதலாம் உலக யுத்தத்துக்கு றொஸ் என்ற தனது சொந்த றைபிளோடு போனது. குறி தப்பாத துவக்கு, கைப்பிடியைத் திருப்பாமல் நேரே இழுத்துத் தள்ளும் போல்ட். 1915 ஏப்ரலில் ஈப்ரெ போர்முனைச் சேற்றில் அது இறுகிக்கொண்டது. சிப்பாய்கள் போல்ட்டைச் சப்பாத்துக்காலால் உதைத்துத் திறந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அதை எறிந்துவிட்டு, செத்துக்கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்களின் லீ என்ஃபீல்டை எடுத்துக்கொண்டார்கள். கனடாவின் படை அமைச்சர் சாம் ஹியூஸ் தன் நாட்டுத் துவக்குக்காக விடாமல் வாதாடினார். குற்றம் பிரிட்டிஷ் தோட்டாவில் என்றார்கள், சேற்றில் என்றார்கள், சுடத் தெரியாதவனில் என்றார்கள். தோட்டாவிலும் உண்மையில் குறை இருந்தது, றொஸ்ஸின் அறை இறுக்கமானது, பிரிட்டிஷ் தோட்டாக்களில் பல சற்றுப் பருத்தவை. ஆனால் போல்ட் பின்னால் வந்து தடுப்பில் மோதும்போதெல்லாம் அதன் பூட்டுப்பல் கொஞ்சம் கொஞ்சமாக நசுங்கிக்கொண்டிருந்தது. 1916இல் படை அதைக் கைவிட்டது. குறிச்சூட்டாளர் சிலர் மட்டும் அதை விட மறுத்தார்கள். அவர்களுக்கு நிதானமாகச் சுட நேரம் இருந்தது.

பழுது ஒன்றுக்கு மேற்பட்ட காரணத்தால் வரும்போது, தனக்கு வசதியான காரணத்தோடு ஒவ்வொருவரும் நின்றுவிடுகிறார்கள். நானா அங்கே நிற்கவிடமாட்டார். எல்லாம் சரியாக இருந்தும் குறி தவறுகிறதென்று துவக்கைக் கொண்டுவருபவர்களுக்கு அவரிடம் ஒரு சோதனை இருந்தது. முதலில் கட்டையையும் உடலையும் பிடித்திருக்கும் ஆணிகள் இறுக்கமா, மழையில் ஊதிய கட்டை குழலை எங்காவது தொடுகிறதா, குறிமுனை ஆடுகிறதா என்று பார்ப்பார். இவை எல்லாம் சரி என்றால் சூட்டுத்திடலில் அந்த ஆளுக்குத் தெரியாமல் மருந்தில்லாத பொய்த் தோட்டாவொன்றை இடையில் போட்டுவிடுவாராம். விசை இழுபடும், வெடிக்காது. ஆனால் துவக்கின் வாய் தானாகக் கீழே குனியும். வெடிக்கப்போகிறது என்ற பயத்தில் உடல் முன்கூட்டியே சுருங்குகிறது.

"கோபம் வராதா அவங்களுக்கு?"

"வரும். துவக்கு பிழை எண்டு வந்தவருக்கு, நீங்கதான் பிழை எண்டா வராதா? அதனால நான் ஒண்டும் செல்ல மாட்டேன். அவரே வாய் குனியறதக் கண்டிடுவார்."

*

இந்தத் தீவில் வேட்டையைப் பற்றி எழுதியவர்களில் பெரும்பாலோர் துவக்கைத் துடைத்தவர்கள் அல்லர். நுவரெலியாவில் வாழ்ந்து 1850களில் தன் வேட்டைகளைப் புத்தகமாக்கிய சாமுவேல் பேக்கர், ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைச் சுட்டுவிட்டு 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்த மேஜர் றொஜர்ஸ், இவர்களின் கையில் போல்ட் துவக்கு இல்லை. ஒரு வெடி, பிறகு பின்னால் நிற்கும் ஆளின் கையில் இருந்து அடுத்த துவக்கு. மருந்தை இடித்தவனும் துவக்கை நீட்டியவனும் உள்ளூர்க்காரன். காலனித்துவச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதுகிறார்: 1848க்கு முந்திய மூன்று ஆண்டுகளுக்குள் வட மாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் கொல்லப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் அரசாங்கம் சன்மானம் கொடுத்தது. அந்தத் துவக்குகளில் எத்தனை பழுதாகின என்று எவரும் எழுதிவைக்கவில்லை.

போல்ட் றைபிளின் வலுவை பிரிட்டிஷாருக்குப் புகட்டியவர்கள் தென்னாபிரிக்காவின் போயர் விவசாயிகள். 1899இல் தொடங்கிய யுத்தத்தில் அவர்கள் கையில் ஜெர்மன் மவுசர் இருந்தது. பிடிபட்டவர்களில் ஐயாயிரம் பேரளவில் 1900 தொடக்கம் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். பெரும்பகுதியினர் தியத்தலாவை முகாமுக்குப் போனார்கள். கொழும்பில் இறக்கி மலைநாட்டுக்கு ஏற்றிய அந்த ரயில்கள் மருதானையைத் தாண்டாமல் போயிருக்க வழியில்லை. அவர்களில் ஹென்றி எங்கல்பிரெக்ட் என்பவர் பிரிட்டிஷ் முடிக்கு விசுவாசம் சொல்ல மறுத்ததால் ஊர் திரும்ப முடியாமல் இங்கேயே தங்கி, யாலவின் முதற் காவலரானார். சத்தியம் செய்ய மறுத்த ஒருவனை நம்பி, அதே பிரிட்டிஷ் ஆட்சி காட்டையும் துவக்கையும் ஒப்படைத்தது. ஆளைத் தெரிந்துகொண்டால் சத்தியம் தேவைப்படாது போலும்.

பிறகு சட்டங்கள் வந்தன. 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கத் துவக்குச் சட்டம் ஒவ்வொரு துவக்கையும் ஓர் ஆளின் பெயரோடு கட்டியது. ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கவேண்டும். 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டம் எதைச் சுடலாம், எதைத் தொடக்கூடாது என்று வரையறுத்தது. வன்னியில் மானும் மரையும் வத்தலாகத் தொங்கிய வீடுகளுக்கு இது பிடிக்கவில்லை, சட்டம் எல்லாவிடத்தும் மதிக்கப்பட்டதும் இல்லை. இருந்தாலும் அந்த ஏற்பாட்டில் ஓர் ஒழுங்கு இருந்தது. போல்ட்டில் ஓர் இலக்கம், உடலில் அதே இலக்கம், புத்தகத்தில் அதே இலக்கம், அதற்கு எதிரே ஒரு பெயர். துவக்கு என்ன செய்தாலும் கேட்பதற்கு ஓர் ஆள் இருந்தான்.

1971 ஏப்ரலில் தென்னிலங்கை இளைஞர்கள் வீடுகளில் திரட்டிய சொட்கன்களோடும் கையால் செய்த குண்டுகளோடும் பொலிஸ் நிலையங்களைத் தாக்கியதில் இருந்து அந்தக் கட்டு அவிழத் தொடங்கியது. வடக்கு, கிழக்கில் அனுமதிப்பத்திரத் துவக்கு வைத்திருந்தவர்களிடம் பிறகு அரசும் கேட்டது, இயக்கங்களும் கேட்டன. பெயருள்ள துவக்குகள் பெயரில்லாத இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தன. த்ரீ-நொட்-த்ரீ போய் ரி-56 வந்தது. அதில் போல்ட்டைக் கை இழுக்காது, ஒரு வெடியின் காற்றே அடுத்ததை ஏற்றிவிடும். யோசிப்பதற்கென்று இரண்டு வெடிகளுக்கு நடுவில் இருந்த அந்தச் சிறு நேரமும் போய்விட்டது.

யுத்தகாலத்தில் மருதானையில் வாழ்ந்த எந்தத் தமிழரும் "உள்ளுக்கு என்ன?" என்ற கேள்வியைச் சிங்களத்தில் கேட்டுப் பழகியிருப்பார். சோதனைச்சாவடியில், புகையிரத நிலையத்தில், லொட்ஜ் வாசலில், பையைத் திற, அடையாள அட்டையை எடு, பொலிஸ் பதிவைக் காட்டு. நாங்கள் சொல்லும் பதிலை நம்பமாட்டார்கள், விரல் விட்டுத் தடவிப் பார்ப்பார்கள். 1996 சனவரியில் மத்திய வங்கிக் கட்டடம் இருந்த தெருவைக் கண்டவர்கள் அந்தப் பயத்தைப் பொய் என்று சொல்லமுடியாது. ஆனாலும் 2007 யூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பினார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் தடுத்தது. அந்த இரவில் எவரிடமும் "உங்களுக்கு என்ன செய்யுது?" என்று யாரும் கேட்கவில்லை. வைத்தியத்துக்கு வந்தவர்கள் இருந்தார்கள், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள்.

தமிழர் பக்கத்திலும் நாங்கள் மேலானவர்களாக இருக்கவில்லை. ஆளைச் சந்தேகிப்பதும் துவக்கை நம்புவதும் எங்கள் ஒழுங்கைகளிலும் நடந்தது. துரோகி என்று மின்கம்பத்தில் கட்டிச் சுடப்பட்டவர்களிடமும் எவரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

நானாவின் தொழிலில் சந்தேகம் துவக்குக்கு உரியது, விசாரிப்பு மனிதனுக்கு உரியது. துவக்கை எடுத்தவுடன் அது எந்நேரமும் நிரம்பியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளவேண்டும். கொண்டுவந்த மனிதனிடம் நிதானமாக, என்ன செய்கிறது என்று கேட்கவேண்டும். முப்பது வருடம் இந்த நாடு இரண்டையும் இடம் மாற்றி வைத்திருந்தது. மனிதரை நிரம்பிய துவக்காகவும் துவக்கை நம்பகமான ஆளாகவும் நடத்தினோம்.

ஆயுதத்தைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர்கள் எல்லாம் நிதானிகள் என்று நான் சொல்லவரவில்லை. எல்லாப் பக்கத்திலும் திறமான ஆயுதத் தொழிலாளர்கள் இருந்தார்கள், அவர்கள் பூட்டிக் கொடுத்தவை நன்றாகவே சுட்டன. கைவேலை மட்டும் ஒருவனைத் திருத்திவிடாது. நானாவிடம் கைவேலையோடு ஓர் ஒழுங்கும் இருந்தது. வேலை முடிந்து திருப்பிக் கொடுக்கும்போது அந்த மனிதனின் முகத்தைப் பார்ப்பாராம். சரியில்லை என்று பட்டால் பாகம் வரவில்லை, அடுத்த கிழமை வாங்கோ என்று சொல்லிவிடுவாராம். எந்தச் சட்டமும் அவருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கவில்லை.

*

யுத்தம் 2009இல் முடிந்தது. 2024 நவம்பரில் பாதுகாப்பு அமைச்சு, தற்பாதுகாப்புக்கென்று தனியாருக்குக் கொடுத்திருந்த துவக்குகளைத் திரும்பக் கேட்டு வாங்கியது. இலக்கம் உள்ளவற்றை அப்படிக் கேட்டு வாங்கலாம். இன்று காட்டோரங்களில் அதிகம் இரத்தம் சிந்தவைப்பதற்கு இலக்கமே இல்லை. அதன் பெயர் கட்டுத்துவக்கு.

ஓர் இரும்புக் குழாய், கொஞ்சம் மருந்து, சன்னம், பாதைக்குக் குறுக்கே முழங்கால் உயரத்தில் ஒரு நூல். பன்றிக்கென்று கட்டுவார்கள். பன்றியும் வரும், மாடும் வரும், விறகுக்குப் போன பெண்ணும் வருவாள். ஆஸ்பத்திரிகளுக்கு வரும் கட்டுத்துவக்குக் காயங்கள் பெரும்பாலும் காலில்தான் இருக்கும். அதற்கு அடுத்தது, மரக்கறிக்குள் வெடிமருந்து வைத்த ஹக்க பட்டாஸ். கடித்த யானைக்குட்டி வாய் சிதைந்து, தின்ன முடியாமல், நாட்கணக்கில் கிடந்து சாகும். 2019இல் மட்டும் இந்தத் தீவில் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. சூடு, மின்சாரம், வெடி, ரயில் என்று காரணங்கள் பல.

போல்ட் றைபிளில் நான்கு வேலையையும் ஒரு கை செய்கிறது. கட்டுத்துவக்கில் அந்தக் கை இல்லை: விசையை இழுக்கும் வேலை, சாகப்போகும் உயிரின் காலுக்கே கொடுக்கப்பட்டுவிட்டது. கட்டியவன் வீட்டில் நித்திரை. அது இறுகாது, துருவும் அதைப் பெரிதாகத் தடுக்காது, குறி தவறவும் இடமில்லை. எந்தப் பட்டறைக்கும் அதைக் கொண்டுவர வேண்டியிராது. பழுதே இல்லாமல் வேலை செய்வதுதான் அதனுடைய பழுது.

ஆனால் பழுதைத் தேடுகிறவன் கட்டியவனைப் பிடித்ததோடு நிறுத்தினால், குற்றம் தோட்டாவில் என்று சொல்லி நின்றவர்களைப் போலத்தான். கட்டியவனுக்கு இரண்டு ஏக்கர் சோளமோ நெல்லோ இருக்கிறது. ஓர் இரவில் பன்றிக்கூட்டம் உழுதுவிட்டுப் போனால் அந்தப் போகத்துக் கடன் அவன் தலையில். பயிர்ப் பாதுகாப்புத் துவக்குக்கு அனுமதி கேட்டால் கிடைக்க நாளாகும், கிடைத்தாலும் இரவெல்லாம் விழித்திருக்க ஆள் வேண்டும். பிள்ளைகள் கொழும்புக்கோ வளைகுடாவுக்கோ போய்விட்டார்கள். நஷ்டஈடு கடதாசியில் இருக்கிறது. யானை வேலி போட்ட இடத்தில் மின்சாரம் இல்லை, மின்சாரம் உள்ள இடத்தில் வேலி யானையின் பழைய பாதைக்குக் குறுக்கே நிற்கிறது. காட்டைத் துண்டாக்கிய திட்டத்தில் கையெழுத்திட்டவர் எந்தக் காயத்தையும் பார்த்தவர் அல்லர். இத்தனை இடத்திலும் ஒவ்வொரு பல் தேய்ந்திருக்கிறது.

சட்டத்தால் குழாயைப் பறிமுதல் செய்யலாம், செய்யவும் வேண்டும். அடுத்த கிழமை இன்னொரு குழாய் வரும். பள்ளம் ஆழமா, மேலோட்டமா என்று பார்க்கும் பொறுமையோடு வயலில் இருந்து வேலிக்கும், வேலியில் இருந்து கச்சேரிக்கும், கச்சேரியில் இருந்து வரைபடம் போட்ட மேசைக்கும் ஒவ்வொரு படியாக நடந்து போக யாரும் இதுவரை நியமிக்கப்படவில்லை. அந்த நடை முடியாதவரை, இந்த நாட்டில் துவக்குப் பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று எவர் சொன்னாலும் நான் அவருடைய பதிலை நம்பப்போவதில்லை.